குல்லா சார் பெய்ய வைத்த பனி

பிள்ளைகளே, திருச்சியின் சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு டீ குடித்த ஒரே மனிதர் எங்கள் குல்லா சார்தான். ரோட்டில் தார் உருகும். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இஞ்சி தூக்கலா போடுங்க" என்பார்.

நான் அட்டெண்டராக இருந்த கல்லூரியில், குளுகுளு ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து, இமயமலையின் போன வருஷக் குளிர்காலத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. போனது சரியாக வந்தால்தான் வரப்போவதைச் சொல்ல முடியுமாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் உச்சியில் பனிக்குப் பதில் மழைதான் கொட்டியது.

"கட்டம் பெரிசுங்க" என்றார் என்னிடம். "மேப்பைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்னு வைக்கிறோம். திருச்சி முழுக்க ஒரே கட்டம்னா மலைக்கோட்டை என்னாகும்? உச்சிப் பிள்ளையார் தில்லை நகர் மொட்டை மாடிக்கு இறங்கிடுவாரு! மலை தாழ்ந்தா குளிர் ஏது, பனி ஏது?"

கட்டங்களைச் சின்னதாக்கி மறுபடி ஓட்டினார். கணக்குப் பெருத்து, வாரக்கணக்கில் ஓடியது. துறைத் தலைவரான பெரிய சார் சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. இதுலயும் மழைன்னா மெஷின் வேற ஆளுக்கு."

முடிய ஒரு நாள் இருக்கும்போது வந்தது ஆயுத பூஜை. மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துச் சந்தனம் வைத்தோம். பெரிய சார் தட்டோடு குல்லா சார் அறைக்கு வந்தார்.

"நிறுத்துங்க. இன்னிக்கு மெஷின் வேலை செய்யக் கூடாது."

"நிறுத்தினா முதல்லேருந்து ஓட்டணும் சார். அதுக்குள்ள மெஷினே எனக்கு இல்லைம்பீங்க. முடியாது."

"சாமி காரியம்யா!"

குல்லா சார் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து ஸ்ரீரங்கம் போற பஸ் வாழைக்கன்னு கட்டிக்கிட்டு ஓடுதா இல்லையா? முதல்ல அதைப் போய் நிறுத்துங்க. அப்புறம் என்கிட்ட வாங்க!"

பெரிய சார் தட்டோடு ஒரு அடி பின்வாங்கினார். காலையில் அவர் வந்ததே அந்த பஸ்ஸில்தான்.

நான் ஓடிப்போய் வாழைக்கன்று கொண்டுவந்து, ஓடுகிற மெஷினுக்கு இரண்டு பக்கமும் கட்டினேன். "சூடத்தை வாசல்லயே காட்டுங்க, உள்ள சூடாகக் கூடாது" என்று அதிலும் குல்லா சாரிடமிருந்து ஒரு அதட்டல்!

விஜயதசமிக் காலை, திரையில் மலை நிமிர்ந்து நின்றது. அங்கே நிஜமாகப் பனி விழுந்த உச்சிகளில் எல்லாம் வெள்ளை. பெரிய சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குல்லா சார் பதிலுக்கு ஒரு தும்மல் போட்டார்.

பிறகு வேலை மாறி, நிஜப் பனி இருக்கிற ஊருக்கே போய்விட்டார். இப்போதும் ஆயுத பூஜை அன்று, காவிரிப் பாலத்தில் வாழைக்கன்று கட்டிய பஸ் எதிரே வந்தால், ஜன்னலில் ஒரு கம்பளிக் குல்லா தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.