நரசிம்மன் சாருக்குப் பின்னால் பதினேழு பேர்

1975 மகளிர் ஆண்டு என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும், செங்கல்பட்டில் இருந்த எங்கள் கல்லூரி மகளிரைப் பற்றி ஒரு வாரம் விழிப்புடன் இருக்க முடிவு செய்தது. புகார்ப் பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்தவன் நான்தான். ஆபீஸ் கிளார்க் லட்சுமணன்.

முதல் நாளே பெட்டியில் ஒரு புகார் விழுந்துவிட்டது. பிரின்சிபால் ஜானகிராமன் ஆடிப்போனார். பெட்டி வைக்கத்தானே உத்தரவு?

எழுதியவள் அச்சரப்பாக்கத்துத் தெய்வநாயகி. கெமிஸ்ட்ரி லேபில் நரசிம்மன் சார் விளக்குகிற சாக்கில் இடுப்பில் கை வைக்கிறார். லேபுக்குப் போகாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. வீட்டில் சொன்னால் படிப்பே நின்றுவிடும்.

எங்களுக்கு இது புதிதல்ல. மூன்று வருஷமாக எல்லாருக்கும் தெரியும். "கொஞ்சம் தள்ளி நின்னுக்கோம்மா" என்று நானே அவளுக்கு ஆலோசனை வழங்கியிருக்கிறேன்.

ஐந்து ஆண்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் இரண்டு நாள் தங்கி, வறுத்த மீனுடன் ஆழ்ந்து பரிசீலித்தது. பெண்கள் வெயிட்டிங் ரூமில் காத்திருந்து, ஆசிரியர் பின்னால் வரிசையாக வகுப்புக்குப் போவது எங்கள் வழக்கம். அதைக் குழு விரிவுபடுத்தியது. இனி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மாணவிகள் பதினேழு பேரும் ஆசிரியரை விட்டுப் பிரியலாகாது. பாதுகாவலர், பணிமூப்பின்படி, திரு. நரசிம்மன்.

தெய்வநாயகி அழுதுவிட்டாள். "இன்னா சார் இது? அவருகிட்டேருந்து காப்பாத்துங்கன்னுதானே எழுதினேன்!"

"தனியாப் போனாத்தானே பயம்? பதினேழு பேரும் சேர்ந்து போங்க" என்றார் பிரின்சிபால்.

அவள் தோழி ஃபக்ருன்னிசா பணிவாகக் கேட்டாள்: "அவரு எங்க போனாலும் பின்னாலயே போவணுமா சார்?"

"எங்க போனாலும். ரூல்னா ரூல்."

மறுநாள் ரூல் அமலுக்கு வந்தது. நரசிம்மன் தபாலாபீஸ் போனார். பதினேழு பேர் போனார்கள். முடிவெட்டப் போனார், வாசலில் பதினேழு பேர். டீக்கடைக்காரர் கேட்டார்: "இன்னா வாத்யாரே, ஊர்வலமா?" மூன்று மணிக்கே வீட்டுக்கு ஓடினார். ஐந்து மணிவரை ரூல் இருக்கிறதே, பின்னாலேயே போனார்கள்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். "யாரும்மா நீங்கள்லாம்?"

"சார்தான் எங்களுக்குப் பாதுகாப்பு, அக்கா" என்றாள் ஃபக்ருன்னிசா.

"யாருகிட்டேருந்து பாதுகாப்பு?"

தெய்வநாயகி முன்னால் வந்தாள். லேபில் நடந்ததை, தெருவே கேட்கும்படி, ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நரசிம்மன் வெளியே நின்றார்.

காலையில் பெட்டியில் இரண்டாவது புகார். 'மாணவிகள் பின்தொடர்ந்து தொல்லை தருகிறார்கள். வெளியில் நடமாட முடியவில்லை. கூனிக் குறுகிவிட்டேன். இப்படிக்கு, நரசிம்மன்.' பிரின்சிபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. குழு இல்லை, மீன் இல்லை. பதினோரு மணிக்குள் அவரை லேபிலிருந்து நூலகத்துக்கு மாற்றி, ரூலையும் ரத்து செய்தார். தெய்வநாயகி நிம்மதியாக லேபுக்குப் போய், பரீட்சையும் பாஸ் செய்தாள்.

மேலிடத்துக்கு அறிக்கை அடித்தவனும் நானே. 'வந்த புகார்: ஒன்று. பாதிக்கப்பட்டவர்: ஆண். ஒரே நாளில் நியாயம் வழங்கப்பட்டது.' விழிப்புணர்வுக்கான கேடயம் எங்களுக்கே கிடைத்தது. நரசிம்மனை நடுவில் உட்காரவைத்துக் குரூப் போட்டோ எடுக்கும்போது தெய்வநாயகி என்னிடம் வந்தாள்.

"என் புகாரு இன்னா சார் ஆச்சு?"

கேமராக்காரர் அவசரப்பட்டார்.

"கொஞ்சம் தள்ளி நின்னுக்கோம்மா" என்றேன்.