குக்கரில் பழக்கிய கேபிள்

காது நன்றாக இருப்பவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்பாள் என் மனைவி மாலா. என் காதும் அப்படியொன்றும் நல்ல காது இல்லை என்பதுதான் இதில் வேதனை.

ஈப்போவில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த கரண்டு வயரைப் பார்த்த கடைக்கார அண்ணன், துக்க வீட்டுக்கு வந்தவர்போல் உச்சுக்கொட்டினார். உள்ளே போய் மூன்று கேபிள்களை எடுத்து வந்தார். ஒவ்வொன்றையும் மாட்டித் தவில் வாசிப்பைப் போட்டார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன (சத்தியமாக). ஆனால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? இருப்பதிலேயே தடியான கேபிளைக் காட்டினேன். கரும்போ கல்யாண மாலையோ, நமக்குத் தடியாக இருந்தால்தான் உசத்தி.

புதுக் கேபிளில் இருநூறு மணி நேரம் கரண்டு ஓடிப் பழகினால்தான் சத்தம் இளகும் என்றார் அவர். ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற கரண்டு கொஞ்சம்தானே, ரைஸ் குக்கர் நிறைய இழுக்குமே என்று என் மூளை கணக்குப் போட்டது. குக்கரின் பின்பக்கத்தில் அதே பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. குக்கரின் சொந்த வயரைச் சமையலறை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். மாலா முறைத்தாள். ஆனாலும் ஒரு வாரம் சோறு வெந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தேவியைப் பெண் பார்க்கச் சித்தியவானிலிருந்து வந்தார்கள். பிடிக்காவிட்டால் தேத்தண்ணியோடு கிளம்பிவிடுவார்கள், பிடித்தால்தான் நம் வீட்டில் கை நனைப்பார்கள். முன்பு வந்த மூன்று குடும்பமும் தேத்தண்ணியோடு போனவர்கள். தேவிக்கு முப்பத்திரண்டு வயது. இதுதான் கடைசி, இனிமேல் யார் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

மாலா அரிசியைக் களைந்து வைத்து, சுவிட்சைத் தட்டி, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பேச்சு நன்றாகவே போனது. மாப்பிள்ளையின் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பசிக்குது தம்பி. சாப்டே போலாம்.”

மாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஓடிப்போய் குக்கரைத் திறந்தேன். அரிசி குளிர்ந்த தண்ணீரில் போட்டது போட்டபடி கிடந்தது. கேபிள் தன் கனம் தாங்காமல் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளையின் அம்மா முகம் சுண்டிவிட்டது. நல்ல காரியத்தில் சோறு வேகாமல் நிற்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தார். தேவி என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாப்பிள்ளை குமரன் வயரிங் வேலை செய்பவர். சமையலறைக்கு வந்து கேபிளைத் தூக்கிப் பார்த்தார். பழக்குகிற கதை முழுவதையும் உளறிக் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை (உதட்டைக் கடித்துக்கொண்டார்). தேவி லாச்சியைத் திறந்து பழைய வயரை நீட்டினாள். குமரன் அதை மாட்டிவிட்டுத் தன் அம்மாவிடம் திரும்பினார்.

“அரிசி மேல என்னாம்மா தப்பு? அரை மணி நேரம் உக்காருங்க. நான் சாப்டாம எந்திரிக்க மாட்டேன்லா.”

அம்மா உட்கார்ந்தார். குக்கரைக் காவல் காக்கிறோம் என்று குமரனும் தேவியும் சமையலறையிலேயே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தேவி சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. நான் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டேன், அழுகை வந்துவிட்டது.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. குமரனின் அம்மா இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கையோடு டிபன் கேரியர் ஒன்று கொண்டு வருவார். கறி, கூட்டு எதுவும் இருக்காது, வெறும் சோறு. சித்தியவானிலேயே வடித்தது. எல்லார் முன்னாலும் என் தட்டில்தான் முதலில் போடுவார்.

“வெந்த சோறு தம்பி. பயப்படாம சாப்டுங்க.”

வீடே சிரிக்கும். அந்த அம்மா அன்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நான் இரண்டாவது முறையும் தட்டை நீட்டுவேன்.