வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா சார்?” என்று மின்விசிறிக் கடைக்காரர் போனில் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கோம்,” என்றார் மறுமுனையில் ஓய்வுபெற்ற தபால்காரர். “ஏன், இருக்கக் கூடாதா?”

“ஐயோ, அப்படி இல்ல சார். போன மாசம் நம்ம கடையில ஃபேன் வாங்கினீங்களே, அதான் கேட்டேன்.”

“முதல்ல எங்களை விசாரிச்சீங்க, இப்ப ஃபேனைச் சொல்றீங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

கடைக்காரருக்கு வியர்த்தது. எதிரே மூன்று மாடியில் பெரிய கடை திறந்ததிலிருந்து இவர் கடைக்கு வருகிறவர்கள் வழி கேட்பவர்கள் மட்டும்தான். போன வாரம் வியாபாரிகள் சங்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் வந்து பேசினார். வாங்கியவர்களைச் சொந்தக்காரர்களாக நினையுங்கள், எதையும் விற்கிற எண்ணமில்லாமல் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள், ஆயுசுக்கும் உங்களை விட்டுப் போக மாட்டார்கள் என்றார். மற்ற வியாபாரிகள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் ஒருவர்தான் நம்பித் தொலைத்தார். பில் புத்தகத்தைப் புரட்டி நாற்பது போன் நம்பர்களை எழுதிக்கொண்டார்.

“சும்மாதான் சார் கூப்பிட்டேன். பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“பயமா? பயத்தைப் பத்தி இப்ப யாரு பேசினது?” தபால்காரர் குரல் மாறியது. அடுத்து அவர் வீட்டுக்குள் கத்தியது போனில் தெளிவாகக் கேட்டது. “அடியே, பேரனைக் கட்டில்ல இருந்து தூக்கு!”

அடுத்த நம்பர் மாணவியர் விடுதி வார்டன் அம்மாவுடையது. தன் வீட்டுக்கு இரண்டு மின்விசிறி வாங்கியிருந்தார். அவை ஒழுங்காக ஓடினால் விடுதிக்கு அறுபது எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த அறுபது வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, எதிர்க் கடையிலேயே வேலை கேட்க வேண்டியதுதான்.

குடும்பத்தை விசாரித்ததுதான் வினை, இந்த முறை ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டார்.

“மேடம், ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?”

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அப்போதுதான் கடைக்குள் நுழைந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“எதுக்குக் கேக்கறீங்க?” என்றார் வார்டன் அம்மா.

“ஃபேனுக்கு நேர் கீழதான படுக்கறீங்க?”

அந்தப் பக்கம் கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, “விடுதி ஆர்டரை இப்போதைக்கு நிறுத்தி வைங்க. நான் யோசிக்கணும்,” என்று போனை வைத்துவிட்டார்.

“யாருங்க அவ?” மனைவி சாப்பாட்டை மேசையில் ணங்கென்று வைத்தாள். “அவ எப்படிப் படுக்கறான்னு உங்களுக்கு எதுக்கு?”

“வாடிக்கையாளர் உறவுடி!”

“உறவு வேறயா?”

அன்று சாயங்காலத்துக்குள் மீதி நம்பர்களையும் கூப்பிட்டு விசாரித்து முடித்தார். மறுநாள் காலை கடை வாசலில் கூட்டம். கட்டிலை மூலைக்கு நகர்த்தியவர்கள், சமையலறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தபால்காரர் தன் மின்விசிறியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் எதிர்க் கடைக்காரன் வேலை என்று கடைக்காரர் முடிவு கட்டினார். அங்கே மூன்றாவது மாடி ஜன்னலில் எவனோ சிரித்தது போலவும் இருந்தது. சாக்பீஸை எடுத்துப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘எங்கள் மின்விசிறி எதுவும் இதுவரை விழவில்லை.’

“இதுவரைன்னா?” என்றார் தபால்காரர்.

கடைக்காரர் பதறிப்போய் அந்த ஒரு சொல்லை மட்டும் கையால் துடைத்தார்.

“பாருங்க, பாருங்க, அழிக்கறாரு!” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருத்தரையும் ஏமாற்ற நினைக்காத மனுஷனை இப்படித் திருடனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்களே! இன்னொரு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

“நாற்பது வீட்டுக்கும் இன்னைக்கே ஆள் அனுப்பறேன். ஒவ்வொரு ஃபேனையும் கழட்டி, பார்த்து, திரும்ப மாட்டிக் கொடுப்பாரு. காசு வேண்டாம். போதுமா?”

ஆள் என்றால் மைத்துனர்தான், மனைவியின் தம்பி. இந்தக் கடையில் விற்கிற எல்லா மின்விசிறிகளையும் மாட்டுவது அவர்தான். ஏணியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“எல்லா வீட்டுக்குமா மாமா?”

“எல்லா வீட்டுக்கும்தான் மச்சான். என் மானமே போயிட்டிருக்கு, கிளம்பு.”

மூன்று நாள் கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பில் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பெண்கள் பெயராகத் தேடினாள்.

நான்காம் நாள் காலை வார்டன் அம்மாவே நேரில் வந்தார். கையில் ஆர்டர் கடிதம்.

“எத்தனையோ கடையில வாங்கியிருக்கேன். வித்த பிறகு வீடு தேடி ஆள் அனுப்பின மனுஷர் நீங்க ஒருத்தர்தான். விடுதிக்கு அறுபது, என் தங்கச்சி வீட்டுக்கு நாலு.”

பின்னாலேயே தபால்காரரும் வந்தார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, டேபிள் ஃபேன் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தியாடி? மனசார விசாரிச்சேன். ஒளிவு மறைவு ஏதாவது இருந்துச்சா? அதான் ஜனங்களுக்குப் புரிஞ்சுபோச்சு,” என்றார். மனைவிகூட லேசாகச் சிரித்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அக்கா தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு மைத்துனர் உள்ளே வந்தார். டூல்ஸ் பையைக் கீழே வைத்தார், கதவைச் சாத்தினார், கடைக்காரர் காதருகே குனிந்தார்.

“நாற்பது வீட்லயும் இப்பப் பின் போட்டாச்சு. ஆனா, நட்டு கழண்டு ஃபேன் விழாம இருக்கக் குத்தற அந்தப் பின்னை முதல்ல மாட்டினப்போ நான் ஒரு ஃபேன்லகூட குத்தலைன்னு உங்களுக்கு யாரு மாமா சொன்னது?”