சுவரில் நடக்கும் மனிதன்

"இருபத்தொண்ணு வச்சா பன்னெண்டுக்கு இறங்குற. மறுபடி வச்சா மறுபடி இறங்குற. உனக்கு என்னதான் வேணும்?"

நெவில் கிராப்ட்ரீ கூடத்துச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

சுவரில் உள்ளங்கையளவு வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு இப்போது அதுதான் மூளை. பொத்தானை அழுத்தினால் எண் ஏறும். அவர் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் இறங்கிவிடும். எண்ணுக்குக் கீழே குண்டூசித் தலையோடு ஒரு குட்டி மனிதன் கைவீசி நடந்துகொண்டிருப்பான். சூடு கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நெவில் முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிட்டார். அந்த மனிதனும் இரவு பகலாக நடக்கிறான். வந்து சேரத்தான் காணோம்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குத்தான் எட்னா வருகிறாள்.

வாசல்படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று வாரமாகிறது. எலும்பு கூடிவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். ஆனால் அதற்கு முன் அலீனா என்ற ஆஸ்பத்திரிப் பெண் வீட்டை வந்து பார்ப்பாள். கைப்பிடி, கட்டில், கழிப்பறை, எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். பதினெட்டு டிகிரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் எட்னா வசந்தம் வரைக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

"அங்க போனவங்க யாராவது திரும்பி வந்து பாத்திருக்கியா?" என்று பக்கத்து வீட்டு மேவிஸ் ஏற்கெனவே ஆறுதல் சொல்லியிருந்தாள்.

இதில் நெவிலுக்குப் பெரிய தலைகுனிவு ஒன்று உண்டு. ஹாலிஃபாக்ஸில் அந்த மேட்டுத் தெரு முழுக்க அவர் கஞ்சத்தனம் பிரசித்தம். அக்டோபர் கடைசியில், குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் நாள்வரை பாய்லரைத் தொடக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். அதற்குப் பிறகும் எட்னா சூட்டை ஏற்றுவாள், இவர் இறக்குவார். குளிருது என்று யார் சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்து: "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்க." முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பாய்லரை மேய்த்தவர். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டுதான் கணக்கு எழுதினார்கள்.

அப்பேர்ப்பட்டவர்தான் மனைவிக்காக மனம் மாறி, கடைக்குப் போய்ப் புதுக் கருவி வாங்கினார். மனம் மாறியது, புத்தி மாறவில்லை. கடைக்காரர் மூன்று கருவிகளை எடுத்து வைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல எது சீக்கிரமா அணையும்?"

"இதுங்க சார். வீட்ல ஆள் இல்லன்னா தானே அணைஞ்சிரும்."

"பேஷ். ஆளில்லாத வீட்டுக்குச் சூடு எதுக்கு? அதையே கட்டுங்க."

போன வாரத் திங்கட்கிழமை டேரன் என்பவன் வந்து மாட்டினான். அவனும் ஒரு கேள்வி கேட்டான்.

"இதை ஒரு ஃபோனோட இணைக்கணும். உங்க ஃபோனைக் குடுங்க சார்."

நெவில் தன் பொத்தான் ஃபோனை நீட்டினார். டேரன் அதை அருங்காட்சியகத்துப் பொருளைப் போலத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நல்லவேளையாக எட்னாவின் ஃபோன் அன்று வீட்டில் இருந்தது. சார்ஜ் போட்டுக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதிலேயே இணைத்து முடித்தான். அன்று மாலைவரை வீடு ரொட்டி அடுப்பாக இருந்தது. நெவில் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பனியனோடு கூடத்தில் உலவினார். ஐந்து மணிக்கு ஃபோனை எட்னாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வீடு ஜில்லிட்டிருந்தது. அன்று போன சூடு போனதுதான்.

டேரனைக் கூப்பிட்டால் அவன் ஸ்பெயின் கடற்கரையில் படுத்திருந்தான்.

"வெயில் பொளக்குது சார் இங்க!" என்றான். நெவில் ஃபோனை வைத்துவிட்டார்.

வேறு ஆளைக் கூப்பிடுவதா? பாய்லரில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் அந்நியனிடம் போய் நிற்பதா? அவரே யோசித்தார். கருவிக்குக் குளிர் உறைக்கவில்லை, அதுதான் கோளாறு. உறைக்க வைத்துவிட்டால் அடுப்பு தானாக மூளும்.

சதுரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, குளிர்பெட்டியில் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் நடுவே வைத்துக் கதவை மூடினார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தார். அதன் முகத்தில் எண்ணும் இல்லை, மனிதனும் இல்லை. போதாக்குறைக்கு அதுவரை குழாயில் வந்துகொண்டிருந்த வெந்நீரும் நின்றுவிட்டது.

அதைக் கம்பளித் துணியில் சுற்றி மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேவிஸ் உள்ளே வந்தாள்.

"என்ன நெவில் அது, முயல்குட்டியா?"

"தெர்மோஸ்டாட்."

"கடவுளே! எட்னா போனதுல உனக்கு மூளை கலங்கிருச்சு."

"ஒழுங்காத்தான் இருக்கேன். நாளைக்குள்ள வீடு சூடாகணும்."

மேவிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நெவில், என்கிட்ட மட்டும் சொல்லு. வேணும்னே அணைச்சு வச்சிருக்கியா?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நெவில் மேலே போட்டிருந்த மூன்றாவது ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் எட்னாவே கூப்பிட்டாள்.

"டெலிவிஷன் முன்னாடி என் நாற்காலியைப் போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"வீடு எப்படி இருக்கு?"

"கதகதன்னு இருக்கு," என்றார் நெவில். வாயிலிருந்து ஆவி பறந்தது.

"இந்த ஃபோன் நாள் பூரா டிங் டிங்னு அடிச்சு உயிரை வாங்குது, நெவ். பக்கத்துக் கட்டில்காரி முறைக்கறா. வாயை அடைச்சு வச்சிட்டேன்."

"விளம்பரமா இருக்கும். நீ தூங்கு."

"நெவ், நான் அந்த இல்லத்துக்கெல்லாம் போக மாட்டேன், சரியா? நீ பாத்துக்குவல்ல?"

"நான் பாத்துக்கறேன் எட்னா," என்றார். ஃபோனை வைத்ததும் அவள் நாற்காலியில் இன்னொரு போர்வையை விரித்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேவிஸ் இரண்டு மின்சார ஹீட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டையும் செருகினார்கள். கம்பிகள் சிவந்தன. நெவிலுக்குப் போன உயிர் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் தேநீர் போடலாமென்று கெட்டிலையும் அழுத்தினார்.

டப்பென்று ஒரு சத்தம். ஹீட்டரும் கெட்டிலும் பாய்லரும் சேர்ந்தாற்போல் செத்தன.

"நல்லா வந்துச்சு தேநீர்," என்றாள் மேவிஸ்.

ஃபியூஸைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மின்சாரம் வந்ததும், ராத்திரியே திரும்பச் சுவரில் மாட்டியிருந்த சதுரம் கண் விழித்தது. பன்னிரண்டு. அதே மனிதன், அதே நடை. மறுபடி செருகினால் மறுபடி எரிந்துபோகும் என்ற பயத்தில் மேவிஸ் ஹீட்டர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரியாகப் பத்து மணிக்கு அலீனா தன் காரில் வந்து இறங்கினாள். எட்னாவை ஆஸ்பத்திரி வண்டி பின்னால் கொண்டுவருகிறது என்றாள். பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தாள். கோட்டைக் கழற்றப் போனவள் கழற்றாமல் நிறுத்திக்கொண்டாள்.

"பன்னெண்டரை. மிஸ்டர் கிராப்ட்ரீ, உங்க ஸ்வெட்டர் கதையெல்லாம் எட்னா வார்டுல சொல்லியிருக்காங்க. நாங்க சிரிச்சோம். ஆனா இது சிரிக்கற விஷயமில்ல."

நெவில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எட்னாவின் நாற்காலி.

"நாப்பத்தாறு வருஷம் நான்தான் குறைச்சேம்மா. ஒத்துக்கறேன். இப்ப சத்தியமா ஏத்தறேன், ஏற மாட்டேங்குது. அவ வரட்டும். நான் ராத்திரி பூரா முழிச்சிருந்து வெந்நீர்ப் பை மாத்தி மாத்தி வைக்கறேன். அவளை மட்டும் வேற எங்கயும் அனுப்பிடாதீங்க."

அலீனா தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். "விதி பதினெட்டுங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நெவில் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். அலமாரிக்குள் மௌனமாக உட்கார்ந்திருந்த பாய்லரைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்தார்.

"எரிடா, கழுதை!" என்று குழாயில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

அது எரிந்தது.

உள்ளே நீலச் சுடர் குப்பென்று எழுந்தது. குழாய்கள் முனகின. பாய்லரின் வெந்நீர் ஓடும் கூடத்து ரேடியேட்டர் டக், டக் என்று சொடக்குப் போட்டது. நெவில் ஸ்பானரும் கையுமாக ஓடிவந்து பார்த்தால், சதுரத்தில் இருபத்தொன்று! நடந்துகொண்டிருந்த மனிதன் ஒரு குட்டி வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

அதே நேரம் ஆஸ்பத்திரி வண்டி மேட்டில் முனகிக்கொண்டு ஏறி வந்து வாசலில் நின்றது. அலீனா அதன் டிரைவர் பர்வேஸிடம் போய், எட்னாவைப் போர்வையோடு வண்டியிலேயே உட்கார வைக்கச் சொன்னாள். மாடிக் கைப்பிடி, கட்டில், கழிப்பறை என்று வேண்டுமென்றே நிதானமாக அளந்தாள். அளந்ததையே இன்னொரு தடவை அளந்தாள். ஐம்பது நிமிடம் கழித்து வெப்பமானியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பதினெட்டு," என்றவள் கோட்டைக் கழற்றினாள். "கூட்டிட்டு வாங்க!"

எட்னா நடைச்சட்டத்தைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து உள்ளே வந்தாள். பர்வேஸ் அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அவள் ரேடியேட்டரில் கை வைத்தாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி ரேடியேட்டரில் கை வைத்தாள்.

"நெவ்! நீயா இது?"

"பின்ன யாரு? முப்பது வருஷம் பாய்லர் மேச்சவன். ஒரே போடு. எஜமான் யாருன்னு அதுக்குத் தெரியும் எட்னா." நெவில் முதல் ஸ்வெட்டரைக் கழற்றினார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேவிஸுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னார். "எஜமான் யாருன்னு தெரியும்!"

எட்னா தன் நாற்காலியில் மெல்ல அமர்ந்தாள். "அந்தப் பைக்குள்ள ஃபோன் இருக்கு, கண்ணு. வாயை அடைச்சு வச்சிருக்கேன், கொஞ்சம் திறந்து விடு. யாராவது தேடியிருக்கப் போறாங்க."

பர்வேஸ் ஃபோனை எடுத்தான். பார்த்தான். விரலால் மேலே தள்ளினான், இன்னும் மேலே தள்ளினான். அவன் மீசைக்குள் சிரிப்பு முட்டியது.

"எஜமான் யாருன்னு அதுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு பெரியவரே. இந்த ஃபோனை வச்சிருக்கறவங்கதான். 'எட்னா தெருவுக்குள் வந்துவிட்டார், சூடாக்குகிறேன்'னு இன்னிக்கு எழுதியிருக்கு; அதுக்கு முன்னாடி பதினோரு நாளும் 'வீட்டில் யாரும் இல்லை'ன்னுதான் எழுதி வச்சிருக்கு."