ஜிம்மிக்கு அம்மை போட்ட ஒன்பது நாள்

வாலிகண்டபுரம்,
வியாழக்கிழமை, காலை.

மரியாதைக்குரிய கலைச்செல்வன் மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் தென்றல் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் முழங்கால் வலியையும், உங்கள் மேல் அப்பாவுக்கு இருக்கிற கோபத்தையும் தவிர்த்துப் பார்த்தால் எல்லோரும் நல்ல சுகம். மெட்ராஸில் உங்களுக்குச் சீக்கிரம் புது ரூம் கிடைக்க வேண்டும் என்று குடும்பத்தோடு வேண்டிக்கொள்கிறோம். இந்த வேண்டுதலில் அப்பாதான் எங்கள் எல்லோரையும் விடத் தீவிரமாக இருக்கிறார்.

நான் முதலில் பார்த்தது ஜிம்மியின் கண்ணைத்தான் மாமா. ஒருநாள் காலையில் தண்ணீர்க் கிண்ணம் மாற்றப் போனேன். கறுப்பு மிளகு மாதிரி இருக்கும் இரண்டு கண்ணும் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்துக் கிடந்தது. உடம்பின் செம்மண் நிறமும் மங்கிப் போயிருந்தது. நான் பயப்படவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த தாளில் ஏழாவதாக இது இருக்கிறது. "கண் வெளுத்தால் சட்டை உரிக்கப் போகிறான் என்று அர்த்தம். ஈரப் பாசி போட்ட டப்பாவை உள்ளே வை. இரை போடாதே. தொடாதே. உரியும்போது யாரும் இழுக்கக் கூடாது. இழுத்தால் கண்மேல் இருக்கிற தோல் மாட்டிக்கொண்டு கண்ணே போய்விடும்." நான் நீங்கள் சொன்னபடியே பாசியை நனைத்து டப்பாவில் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மூன்றாம் நாள் பார்த்து ஆண்டாயி அத்தை உறைமோர் வாங்க வந்துவிட்டது. அப்பாவின் அக்கா, அதுவும் அடுத்த வீடு என்பதால் எங்கள் வீட்டுக்குள் வர ஒரு காரணமே தேவையில்லை, உறைமோர் என்பது சும்மா ஒரு மரியாதைக்கு. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தா புள்ள, எத்தனை நாளா இப்படிக் கெடக்கு?" என்று கேட்டது. நான் மூன்று விரலைக் காட்டினேன். "தீனி எடுக்குதா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "சுருண்டு சுருண்டு படுத்துக்குதா?" பாம்பு வேறு எப்படிப் படுக்கும் மாமா? ஆமாம் என்று ஆட்டினேன். "உடம்பு கொதிக்குதா?" மே மாசத்தில் நம்ம ஊரில் எதுதான் கொதிக்கவில்லை? அதற்கும் ஆமாம் என்று ஆட்டினேன். அத்தை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தது. "அடி அமிர்தவல்லி, ஓடியா! உன் தம்பி வுட்டுட்டுப் போன உருப்படிக்கு ஆத்தா போட்டிருக்கா. கண்ணுல எறங்கிட்டா."

சட்டை உரிக்கப் போகுது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை "என்னடி?" என்று திரும்பியது. ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் நான் பேசியிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

சாயங்காலம் அப்பா சுண்ணாம்புக் கல் லாரியை விட்டுவிட்டு ஆலத்தியூரிலிருந்து வந்தபோது வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. "யாருக்கு?" என்று பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அது நன்றாக இருந்தது மாமா, அதனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு அத்தை பெட்டியைக் காட்டியது. "பாம்புக்கு எங்கக்கா அம்மை வரும்?"னு அப்பா கேட்டார். "ஏன்டா தர்மராஜு, மாட்டுக்கு வரல? கோழிக்கு வரல? பாம்புன்னா மட்டும் ஆத்தாவுக்கு அருவருப்பா?"ன்னு அத்தை கேட்டுச்சு. அப்பா துண்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டார். பதில் என்கிட்ட இருந்தது, ஆனா என்கிட்ட யாரும் கேக்கல. அத்தை போனதும் உங்க தாளை அம்மாகிட்ட காட்டினேன். அம்மா அதை அத்தைகிட்ட கொண்டுபோய்க் காட்டுச்சு. "வேலியில கெடக்குற சட்டையை நான் பாத்ததில்லையா? எந்தச் சட்டையிலயாச்சும் கண்ணு வெளுத்திருந்துச்சா?"ன்னு கேட்டு அனுப்பிருச்சு. சட்டை கிடக்கிற இடத்துல பாம்பு இருக்காதே, அதோட கண்ணை அத்தை எப்படிப் பாத்திருக்கும்னு நான் அடுப்படியில நின்னு யோசிச்சேன். யோசிச்சதோட சரி.

அப்புறம் முறையெல்லாம் ஆரம்பிச்சுது. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, கவுச்சி கூடாது, தலை சீவக் கூடாது, அப்பா முகம் மழிக்கக் கூடாது, வெளியாள் உள்ள வரக் கூடாது, நாமளும் விசேஷத்துக்குப் போகக் கூடாது. ஆத்தா இருக்குற வூட்டுல வாய்க்கு வந்தபடி பேசவும் கூடாது. அப்பா பழக்கத்துல, "அந்தச் சனியனை..."ன்னு ஆரம்பிச்சார். அத்தை முறைச்சதும் "...அந்தத் தாயை, கொஞ்சம் தள்ளி வைங்க"ன்னு முடிச்சார். லாரி ஓனருக்குப் போன் போட்டு, வூட்டுல அம்மை, ஒன்பது நாள் வர முடியாதுன்னார். அவர் புள்ளைக்கான்னு கேட்டார் போல. அப்பாவுக்குப் பொய் வராது. "இல்லீங்க, மச்சான் பாம்புக்கு"ன்னார். "தர்மராஜ், தண்ணி போட்டா போன் பண்ணாதேன்னு சொல்லியிருக்கேன்ல"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. அப்பா டீ கூட வெளியில குடிக்காத ஆளு.

கவுச்சி கூடாதுன்னதும் ஜிம்மிக்கு இரை போட ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்த செத்த எலி டப்பாவை அம்மா எடுத்து என் கையில குடுத்துருச்சு. எங்க கொண்டுபோறது? நல்லதம்பி அண்ணன் பெட்டிக்கடையில பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கு. வழியெல்லாம் என்ன சொல்லணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். போய் நின்னதும் எல்லாம் மறந்துருச்சு. அவரே, "என்ன பாப்பா, மாவா?"ன்னு கேட்டார். நான் தலையாட்டிட்டேன். வாங்கி உள்ள வச்சுக்கிட்டார். ரெண்டு நாள் கழிச்சு அவரே டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து, வேப்பிலையைப் பாத்துட்டு ரோட்டுலயே நின்னார். "பாப்பா, உன் மாவுக்கு வால் இருக்கு"ன்னார். கோபமாச் சொல்லல மாமா. ரொம்ப மெதுவாச் சொன்னார். அவர் வீட்டுல அன்னைக்கு இட்லி ஊத்தலாம்னு தொறந்திருக்காங்க. அதுலேர்ந்து அந்தக் கடையில யாரும் மாவு வாங்குறதில்லைன்னு அம்மா சொல்லுது.

அஞ்சாம் நாள் சுகாதார நிலையத்துலேர்ந்து நர்ஸ் வளர்மதி அக்கா வந்துட்டாங்க. அம்மை போட்ட வூடுன்னு யாரோ சொல்லி, பேரு எழுதிக்கிட்டுப் போக வந்தவங்க. அம்மாவும் அத்தையும் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாங்க, அப்பா குளிச்சுக்கிட்டிருந்தார். நான் மட்டும் கதவுப் பக்கம். அக்கா வெளியில நின்னே நோட்டைத் தொறந்து, "பேரு?"ன்னாங்க. ஜிம்மின்னேன். "வூட்டுல கூப்பிடுற பேரா? சரி, அதையே எழுதிக்கிறேன். வயசு?" மூணு. "ஆணா, பொண்ணா?" ஆண். "தடுப்பூசி?" போடலைன்னேன். பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "எடை தெரியுமா?" நீங்க வாராவாரம் எடை போடச் சொன்னதால எனக்குச் சரியாத் தெரியும் மாமா. எண்ணூறு கிராம்னேன்.

அக்காவுக்கு முகமே மாறிடுச்சு. "மூணு வயசுப் புள்ள எண்ணூறு கிராமா?" ஆமாம்னேன். "என்னடி குடுக்குறீங்க அதுக்கு?" வாரத்துக்கு ஒரு எலின்னு நான் உண்மையைத்தான் சொன்னேன். அவங்க அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. பெரிய டாக்டருக்குப் போன், ஆம்புலன்ஸுக்குப் போன், பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன். அப்பா துண்டோட வெளியில வர்றப்ப தெருவே கூடி நிக்குது. "நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா?"ன்னு அக்கா கேக்குறாங்க. அப்பா என்ன நினைச்சாரோ, "அது எம்புள்ள இல்லீங்க, மச்சானோடது. தலையணை உறையில போட்டு பஸ்ல கொண்டாந்து வுட்டுட்டுப் போயிட்டான்"னார். அதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கேக்கல, அவ்வளவு சத்தம். கடைசியில ஆம்புலன்ஸ்காரர்தான் உள்ள வந்து பெட்டியைப் பாத்தார். பெட்டியில நீங்க ஒட்டி வச்சிருக்குற, வெளிநாட்டுப் பாம்பு வளர்க்க வாங்குன பதிவுச் சான்றிதழை முழுசாப் படிச்சார். வெளிய வந்து, "பேரு, வயசு எல்லாம் சரிதான் மேடம்"னு மட்டும் சொல்லிட்டு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். கோயில்லேர்ந்து வந்த அத்தை அந்தச் சான்றிதழைப் பாத்துட்டு, "ஒன்பதாவதோட நின்ன இவகிட்ட இல்லாத சர்டிபிகேட் இதுகிட்ட இருக்கு பாரு"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

ஒன்பதாம் நாள் காலையில தலைக்குத் தண்ணி ஊத்துறதுன்னு முடிவாச்சு. முற்றத்துல குண்டான் வெயில்ல காயுது, உள்ள வேப்பிலை, மஞ்சள். ஒரு கிண்ணத்துல நல்லெண்ணெய் வேற. ஜிம்மி கண்ணு அப்ப தெளிஞ்சிருந்துச்சு. அதான் மாமா ஆபத்து. உங்க தாள்ல எட்டாவது: "கண் தெளிஞ்ச மூணு நாலு நாளில் உரிக்கும்." நான் பெட்டிகிட்டயே உக்காந்திருந்தேன். அவன் மூக்கைக் கல்லுல தேய்ச்சுக்கிட்டே இருந்தான். உதட்டுக்கிட்ட தோல் வெள்ளையாக் கொஞ்சம் கிளம்புச்சு. அதை அத்தையும் பாத்துருச்சு. "அடடா, பொருக்கு கட்டிருச்சு. எண்ணெயைத் தடவிக் கிள்ளி எடுத்துட்டா ஆத்தா எறங்கிருவா"ன்னு பெட்டிக்குள்ள கையை வுட்டுருச்சு.

கண்ணே போய்விடும்னு நீங்க எழுதுனது என் முன்னால நின்னுச்சு. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. "தொடாதீங்க!"ன்னு கத்திட்டேன்.

நம்ம வூட்டுல அப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல. அப்பா கையிலேருந்த சொம்பு விழுந்துருச்சு. அம்மா அடுப்படியிலேருந்து ஓடிவந்து, யாரு கத்துனதுன்னு என்னைத் தவிர எல்லாரையும் பாத்துச்சு. நான் கத்துன கையோட நிக்காம, "அது அம்மை இல்ல, சட்டை உரிக்குது, எனக்கு மொதல்லேருந்தே தெரியும், இழுத்தா கண்ணு போயிரும், யாரும் கிட்ட வரக் கூடாது"ன்னு மூச்சு வுடாம சொல்லிட்டு அழுதுட்டேன். அத்தை கையை வெளிய எடுத்துச்சு. என்னையே பாத்துச்சு. அப்புறம் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, "தாயே, பேசிட்டியா!"ன்னு என் கால்ல விழுந்துருச்சு. பதினேழு வருஷமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத புள்ள பேசுதுன்னா அது நான் இல்லையாம். "கிட்ட வராதன்னுட்டா தர்மராஜு, தள்ளு, தள்ளு"ன்னு எல்லாரையும் சுவரோரம் நிறுத்திருச்சு. எனக்கு எதுவா இருந்தாலும் சரின்னு தோணுச்சு, யாரும் தொடாம இருந்தாப் போதும்.

அரை மணி நேரம் நாங்க நாலு பேரும் நின்னு பாத்தோம் மாமா. கால்ல மாட்டுன சாக்ஸை மேலேர்ந்து சுருட்டிக் கழட்டுற மாதிரி, அவனே மெதுவா ஊர்ந்து ஊர்ந்து வெளிய வந்தான். புதுச் செங்கல் மாதிரி பளபளன்னு இருந்தான். அப்பா, "அடேயப்பா"ன்னார். பின்னால விட்ட தோலை எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். ஒரே துண்டு. தலைகிட்ட ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு வட்டம், கண்ணாடி மாதிரி, சரியா இருந்துச்சு. அத்தை அதை வாங்கிக் கண்ணுல ஒத்தி, மஞ்சள் துணியில சுத்தி, அது வூட்டு பீரோவுல வச்சுப் பூட்டிருச்சு.

இது நடந்து இன்னையோட ஒன்பது நாள் ஆச்சு. அப்பா உங்களுக்குத் தினமும் போன் போடுறார், நீங்க எடுக்குறதில்ல. அதனால, "லெட்டர் எழுது. ரிஜிஸ்டர்ல அனுப்புவோம், கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்"னு என்னை உக்கார வச்சிருக்கார். அவர் சொல்லச் சொன்னது இதுதான்: வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க வந்து ஜிம்மியைக் கூட்டிக்கிட்டுப் போயிடணும். இல்லைன்னா பெரம்பலூர்ல எந்த ஆபீஸ்ல ஒப்படைக்கணுமோ அங்க கொண்டுபோய் ஒப்படைச்சிடுவார். அவர் விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு அவனை அனுப்ப மனசில்ல. அதை அப்பாகிட்ட சொல்லல, உங்ககிட்ட எழுதுறேன். நான் ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசியிருக்கேன், அதுவும் அத்தை கணக்குல நான் பேசலை. இன்னொரு தடவை வாய் வரலை. அவனோட தாள், தோல் உரிச்ச தேதி, எடை எழுதுன நோட்டு எல்லாம் பையில எடுத்து வச்சுட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். அம்மாவும் அப்பாவும் தங்கள் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார்கள். அப்பா சொன்னது வேறு வார்த்தை, அம்மா அதை அன்பு என்று எழுதச் சொன்னது.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத அக்கா மகள்,
தென்றல்

பின் குறிப்பு: மாமா, ஞாயித்துக்கிழமை வராதீங்க. கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பெட்டியைப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். பாசி டப்பாவுக்குள்ள ஜிம்மி சுத்திப் படுத்திருக்கான், நடுவுல வெள்ளையா ஏழு முட்டை. மேல எழுதுனதுல அவன்னு இருக்குற இடமெல்லாம் அவள்னு வச்சுப் படிங்க. அத்தை வந்து பாத்துட்டு, மொதல்ல, "அப்பன் யாருன்னு உன் மாமனைக் கேளு"ன்னுச்சு. அப்புறம் அப்பாவைப் பாத்து, "தலைச்சன் பிரசவத்துக்குத்தான்டா தாய்வூட்டுக்கு வந்திருக்கா. பச்ச உடம்புக்காரியை மூணு மாசம் முடியாம அனுப்புவியா நீ?"ன்னு கேட்டுச்சு. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுப் பூண்டு உரிக்கச் சொன்னார். யாருக்குன்னு நான் கேக்கல. அப்பா போன்ல தேடிப் பாத்தேன், முட்டை எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அந்தப் பக்கமே இருக்கணும், புரளக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. என் கண்மைப் பென்சிலை எடுத்துட்டு வந்து, ஏழு முட்டைக்கும் மேல் பக்கம் ஒவ்வொரு புள்ளி வச்சேன்.