களத்தில் வாய் திறந்த மெசின்

"களத்துக்குப் போனா வாயை..." என்று என்ட பெரியப்பா ஒன்று சொல்லுவார். வாயைத் திற என்றாரா, மூடு என்றாரா என்பதுதான் ஞாபகத்தில் நிற்கவில்லை. இத்தனை வருசம் வெளிநாட்டில் கிடந்துவிட்டு வந்தவனுக்குப் பாதி வசனம் மிஞ்சியதே பெரிய விசயம்.

அன்றைய வேலை சின்ன வேலை. என்ட உயர்தர வகுப்புப் பிள்ளைகள் செய்த கருவியைப் பழுகாமத்தில் பெரிய வயல்காரரான ஒரு போடியாரின் நெல்லுக் களத்தில் பூட்டி, அது வேலை செய்வதைக் காட்டவேண்டும். பிறகு நாவற்குடாவுக்குத் திரும்பி மத்தியானச் சோறு தின்னவேண்டும். அவ்வளவுதான்.

நான் படிப்பிக்கிறது பொறியியல் தொழினுட்பம். அந்தத் தவணைப் பாடம், புதிதாக வரும் தொழினுட்பங்களும் அவற்றின் தாக்கங்களும். தொழினுட்பத்தை வெளுத்து வாங்கினேன். தாக்கங்களுக்கு நேரம் காணவில்லை. "தாக்கம்தானே பிள்ளைகள், அது தானா வரும்" என்று பகிடி விட்டவனும் நான்தான்.

வகுப்பு நடப்பது சைக்கிள் கொட்டகையில். மழை வந்தால் எங்களை எழுப்பிவிட்டுச் சைக்கிள்களை உள்ளே விடுவார்கள். பள்ளிக்கூட மதிலோடு போடியாரின் நெல் ஸ்டோர் ஒன்று வெறுமனே கிடந்தது. வகுப்பு நடத்தக் கேட்டோம்.

"கருவி வேல செய்யிறத என்ட கண்ணால பார்க்கணும் வாத்தியார். பார்த்தாத் திறப்பு உங்களுக்கு" என்று ஸ்டோர்ச் சாவியை ஆட்டிக் காட்டினார்.

கருவி இதுதான்: சாக்கில் கட்ட நெல்லைக் கொட்டி வைக்கிற தொட்டியின் வாய்க்குக் குறுக்கே ஒரு உணரி. தொட்டியில் நெல் குறைந்தால் ஒலிபெருக்கி அறிவிக்கும். போனுக்கும் மெசேச் போகும். போடியாரின் மகன் கட்டாரில் இருக்கிறார்; அங்கிருந்தே கண்காணிக்கட்டும் என்று அவருடைய நம்பரையும் போட்டுவிட்டேன்.

அறிவிக்கும் குரல் என்னுடையது. கருவியைச் செய்த தர்சினிதான், "சேர், உங்கட குரல் ரேடியோவில வாசிக்கிற மாதிரி" என்றாள். ஒரு மனுசன் கெட்டுப்போக அது காணும்.

போடியாரின் வயல் வட்டை முழுக்க இப்போது வெட்டுமெசின்தான். கோயிலுக்கு நேர்ந்த ஒரு துண்டை மட்டும் பழைய முறையில் மாடு விட்டுச் சூடு மிதித்துத் தூற்றுவார். அந்தக் களத்துக்குத்தான் தர்சினியும் நானும் போனோம். ஒரே அமைதி. நெல்லை அளக்கிறவர், பெருகட்டும் என்று வாழ்த்துகிற மாதிரி, "பொலி, பொலி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியார். பூட்டுங்க. கதை பிறகு" என்றார் போடியார்.

அவசரமாக்கும் என்று நினைத்தேன். பூட்டினேன். சுவிச்சைப் போட்டேன். தொட்டியில் இன்னும் ஒரு மணி நெல் விழவில்லை.

"நெல் இல்லை! நெல் முடிந்துவிட்டது!"

ஒலிபெருக்கி கோயிலில் இரவல் வாங்கியது. வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

தூற்றினவரின் சுளகு அந்தரத்தில் நின்றது. போடியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாத்தியார்! களத்தில அந்தச் சொல்லுச் சொல்லப்படா! சொன்னாப் பொலி குறைஞ்... ஐயோ, என்னையும் சொல்ல வைக்கிறார்!"

"எந்தச் சொல்லு போடியார்? இல்லையா?"

"மறுகாவும் சொல்றார்!"

"இல்லை போடியார், நான் வேணுமெண்டு..."

"அந்தாளப் புடிச்சு வெளியில விடுங்கடா!" என்றது சுளகு.

மெசின் விடவில்லை. "நெல் இல்லை! நெல் முடிந்துவிட்டது!"

"தர்சினி, நிப்பாட்டு புள்ள!"

"ஏலா சேர். ஆரும் தவறுதலா நிப்பாட்டப்படா எண்டு சுவிச்சப் போட்டதும் பெட்டிக்கு அமுக்குப் பூட்டுப் போடச் சொன்னீங்க."

"பூட்டுத் திறப்பு?"

"உங்கட மேசையில சேர்."

"எவ்வளவு நேரம் கத்தும்?"

"நெல்லு வாற மட்டும்."

அப்படியென்றால் நெல்லைப் போடுவோம்! பக்கத்துக் குவியலில் ஒரு கடகம் அள்ளிக் கொட்டினேன். அது பதர்க் குவியல். காற்று அதைத் தூக்கிப் போடியாரின் தலையில் சாத்தியது.

"நெல் இல்லை!" என்றது மெசின்.

"மெசினுக்கு விளங்கின அளவு வாத்தியாருக்கு விளங்குதில்..." என்று தொடங்கிய சுளகுக்காரர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் போடியாரின் போன் அடித்தது. கட்டாரிலிருந்து மகன்.

"அப்பா! நெல்லு முடிஞ்சிதாம் எண்டு மெசேச் மேல மெசேச் வருது! வெள்ளமா? ஆனையா?"

இல்லை என்று ஒரு சொல்லுச் சொன்னால் காரியம் முடியும். போடியார் நெற்றி வியர்க்க யோசித்தார்.

"ஆனை காட்டில நிக்கி மகன்!"

"அப்ப நெல்லு?"

"பொலி மகன், பொலி!"

"ஐயோ, அப்பாவுக்கு மூளை கலங்கிட்டு!"

ஸ்டோர்த் திறப்பு என் கண்முன்னாலேயே வாவிக்குள் விழுந்துகொண்டிருந்தது. வேறு வழி தெரியவில்லை. உணரிக்குக் கீழே தொட்டிக்குள் என்ட தலையை நுழைத்தேன்.

மெசின் கப்சிப். தொட்டி நிறைந்துவிட்டதாம்.

"அசையாதீங்க சேர்! நெல்லு எடுத்திட்டு வாறன்!" என்று தர்சினி ஓடினாள். குனிந்தபடி நின்றேன். பெரியப்பாவின் மீதி வசனம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு களமே சிரித்தது. கடைசியாகப் போடியாரின் குரல்:

"மெசின் நல்ல மெசின். குரல்தான் பிழை. என்ட குரலப் போடுங்க."

அடுத்த நாள் பதிவு செய்தோம். இப்போது தொட்டி வெறுமையானால் போடியாரின் குரலில் "பொலி! பொலி!" என்கிறது. நிறைந்தாலும் அதையேதான் சொல்லவேண்டுமாம்.

"அப்ப தொட்டி வெறுமையா, நிறைஞ்சிட்டா எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் தர்சினி.

"எட்டிப் பார்க்கிறதுதான், புள்ள" என்றபடி போடியார் திறப்பை என் கையில் வைத்தார்.

அடுத்த தவணையில் தாக்கங்களை முதலிலும் தொழினுட்பத்தைப் பிறகும் படிப்பிப்பதென்று முடிவு செய்தேன்.