ஒரு முள் கடிகாரமும் முழுப்பேரும்

கடைசி லயம், மூன்றாம் காம்பரா,
நோர்வூட்டுக்கு மேலே.
செவ்வாய்க்கிழமை, மழை.

கொழும்பு மாநகரில் கம்ப்யூட்டர் முன்னே அமர்ந்து நாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் என் மருமகன் சிரஞ்சீவி பிரதாப்புக்கு, தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெசினை முப்பத்தொரு வருடம் கட்டியாண்டு, தற்சமயம் சிம்மாசனம் இழந்து வீட்டிலிருக்கும் உன் மாமன் கணேசமூர்த்தி ஆசீர்வதித்து எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் என் கைவசமுள்ள பொய்யை முதல் வரியிலேயே செலவழிக்க மனம் வரவில்லை. நீ போனில், "அத்தைக்கு என்னதான் மாமா நடந்துச்சு, மணிக்கூடு அது இதுங்கிறாங்க" என்று கேட்டாய் அல்லவா. போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. ஆகவே பத்திரமாக உட்கார். இப்போது சொல்லப்போவது ஒருவரும் நம்பாத கதை. நம்பமாட்டார்கள் என்பதற்கு முத்திரை ஒட்டிய கடதாசியில் உறுதிமொழி தரவும் நான் தயார்.

நீ கொழும்பில் வளர்ந்த பிள்ளை, ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். இங்கே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். நாள் முழுக்க வேலை செய்து, சொன்ன கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர். கொஞ்சம் பிந்தினாலும் குறைந்தாலும் அரைப்பேர். உன் அத்தை ஜீவராணியைப் பெற்றவர்கள் வைத்தது ஒரு பேர்தான். தோட்டம் தினமும் ஒன்று போடும், அல்லது பாதி போடும். ஸ்டோர் சங்கு ஊமையாகி இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து நேரம் என்பது மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா துஷாந்தின் சொந்தச் சொத்து. அவர் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. காலையில் அவர் கடிகாரம் ரயில் கோச்சி மாதிரி ஓடும், பின்னேரம் நிறுவைக்கு முன்னால் சினைப்பசு மாதிரி நடக்கும். ஒருநாள் அவர் தும்மியபோது கால்மணி நேரம் தொலைந்துபோய், மறுநாள் மழைத்தண்ணீர்க் கான் வெட்டுகிறவர்கள் அதைத் தேடியெடுத்தார்கள். போனை மலைக்குக் கொண்டுபோகக்கூடாது என்பது சட்டம். சரி, கைக்கடிகாரத்தைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள், அது உனக்குத் தெரியும்.

கடையில் விற்கிற கடிகாரம் கடைக்காரன் பக்கம்தான் பேசும். ஆகையால் பட்டிப்பொலவில் அம்பலவாணர் என்ற யாழ்ப்பாணத்துக்காரரைத் தேடிப் போனேன். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். வருடத்துக்கு மூன்றே மூன்று கடிகாரம், எல்லாம் கையாலேயே செய்வார். பெயர்ப்பலகை கிடையாது. அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாது, அவர் இவரைப் பல் வைத்தியர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே குளிர் எப்படியென்றால், நான் வாசலில் சொன்ன வணக்கம் உறைந்து கீழே விழ, அதைப் பொறுக்கி அடுப்பருகே வைத்த பிறகுதான் அவருக்குக் கேட்டது. "என்னத்துக்குத் தம்பி உமக்கு நேரம்?" என்றார். "எங்க நேரம் இன்னொருத்தர்கிட்ட இருக்குங்க, திருப்பி வாங்கணும்" என்றேன். மனிதர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய சிக்னல் விளக்கின் பித்தளை மூடியை வெட்டிச் செய்த கடிகாரம், கையில் கட்டினால் தோள் சாயும். முகம் கொழுந்துப் பச்சை. முள் ஒன்றே ஒன்று. "மற்ற முள்ளு எங்கைங்க?" என்று அவர் பாஷையிலேயே கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு முள்ளு வைச்சா ஒண்டை ஒண்டு துரத்திக்கொண்டெல்லோ திரியும். மனுசருக்கு அது நிம்மதியில்லை" என்றார். விலையை எழுதமாட்டேன், தபால்காரர் மயங்கிவிடுவார்.

கடைசியாக, "முகத்திலை பெயர் என்ன மாதிரிப் போடோணும்?" என்று கேட்டார். கணேசமூர்த்தி என்று முழுதாக இருக்கட்டும், வெறும் மூர்த்தி வேண்டாம் என்ற நினைப்பில், "முழுப்பேரு போடுங்க சார், அரைப்பேரு வேணாம், அது வாங்கியே அலுத்துப்போச்சு" என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். இரண்டு மாதம் கழித்துக் கடிகாரம் வந்தது. பச்சை முகத்தில், முத்து முத்தான எழுத்தில், 'முழுப்பேர்' என்று இருந்தது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது எங்கள் கல்யாணத்தில் என் சரிகைத் தலைப்பாகை அவிழ்ந்தபோது. அதற்குப் பிறகு அன்றுதான். "இது ஒங்களுக்கு இல்லீங்க, எனக்கு" என்று கையில் கட்டிக்கொண்டு மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்விட்டாள். நிறுவையில் அவள் கையை உயர்த்த, பின்னால் நின்ற கிருஷாந்தி, "ஐயா, இன்னும் நேரம் இருக்குன்னு அக்கா கை சொல்லுது" என்றிருக்கிறாள். கண்டாக்கு ஐயா குனிந்து வாசித்தார். "என்ன ஜீவராணி, பேரு போடுற வேலைய இப்ப மணிக்கூடா பாக்குது?" "ஆமாங்கையா. அதுக்கு மறதி கெடையாது." மலையே சிரித்ததாம். நுவரெலியாவில் பூமி அதிர்ந்ததாகப் பேப்பரில் போட்டது அதைத்தான். அந்தக் கிழமை முழுக்க எல்லாருக்கும் முழுப்பேர் விழுந்தது. கண்டாக்கு ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு குளவி. ஏழாம் நம்பர் மலையில் மரத்தில் கூடு இருக்கிறது என்று பெண்கள் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது. குளவிகள்தான் முதலில் பார்த்தன. ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு அளவு, அணிவகுத்து வந்தன, முன்னால் ஒன்று கொடி பிடித்தது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். உன் அத்தை ஓடவில்லை. நடுமலையில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டு ஆகல, இது வேலை நேரம், அப்புறமா வாங்க" என்று குளவிகளுக்கு அறிவித்தாள். குளவிகளுக்குத் தமிழ் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கொட்டின இடத்தை எண்ணிய நேர்ஸம்மா எழுபத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஆபிசில் என்ன எழுதினார்கள் தெரியுமா? பன்னிரண்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு விட்ட பிறகு விறகு பொறுக்கப் போன இடத்தில் கொட்டியது. அன்றைக்குப் பேர் கிடையாது. வேலையில் பட்ட காயம் இல்லை. வைத்தியத்துக்கும் படுத்திருக்கும் நாளுக்கும் தோட்டம் பொறுப்பில்லை. எல்லாம் அந்தப் பன்னிரண்டு மணியில் தொங்கியது. விடுவேனா? வேட்டியை மடித்துக் கட்டி ஆபிசுக்குள் நுழைந்தேன். தோட்டத்தை நடத்தும் தொரை, கண்டாக்கு ஐயா, கிளாக்கர் ஐயா மூவரும் நடுங்கி எழுந்தார்கள். கடிகாரத்தை மேசையில் வைத்தேன், மேசை வளைந்தது. "இதுல நிமிசமே இல்லையே மூர்த்தி" என்றார் தொரை. "நிமிசமெல்லாம் ஒங்ககிட்டதானுங்களே இருக்கு. எங்களுக்கு நேரம் மட்டும் இருந்தாப் போதும்" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும், மருமகனே, அந்த ஒற்றை முள் மெல்லப் பின்னால் நடந்து, பன்னிரண்டுக்கு ஒரு நூல் முன்னே போய் நின்றது. கண்டாக்கு ஐயா விம்மி விம்மி அழுதார். தொரை தன் கையாலேயே அந்த நாளுக்கு முழுப்பேர் போட்டு, அத்தைக்கு ஒரு கூடை ஆப்பிளும் ஆறு மாத லீவும் அனுப்பிவைத்தார். அவள் இப்போது கட்டிலில் மகாராணி போலச் சாய்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவுக்கு என் அன்பையும், உன் மேலதிகாரிக்கு என் மன்னிப்பையும் சொல். முருகன் உன்னைப் பதவியிலும் உடம்பிலும் உயர்த்தி வைக்கட்டும்.

இப்படிக்கு, தோற்றறியாத உன் மாமன்,
கணேசமூர்த்தி.

பி.கு: பிரதாப், மேலே இருப்பதைக் கிழித்துப் போடு. முள் பின்னால் போகவில்லை, ஆப்பிள் வரவில்லை, பேரும் போடவில்லை. விறகு பொறுக்கினதாகச் சிங்களத்தில் எழுதிய தாளில், அத்தையின் வீங்கிய கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒப்பம் வாங்கிவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் ஆபிசுக்குப் போனது மெய்தான், வாசலோடு நிறுத்தினார்கள். "சிறுத்தையோட ஒரே சீட்டுல பஸ்ல வந்தேன்னு சொன்ன ஆளுதானே நீங்க" என்று கிளாக்கர் ஐயா சிரித்தார். அந்த ஆள் நான்தான். அடுத்த கிழமை, வியாழனன்று பத்து மணிக்கு அரசாங்கத் தொழில் கந்தோரில் விசாரணை வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் பேச வேண்டும், இந்த மலையில் என்னை நம்ப ஒருவரும் மிச்சமில்லை. இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு சின்னத் துண்டுதான் மெய். குளவி மொய்த்தபோது உன் அத்தை கையால் முகத்தைப் பொத்தவில்லை. பின்னால் நேரத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆகவில்லை. இடது கண் இன்னும் திறக்கவில்லை. இதை நான் சொன்னால் கதையாகிவிடும். நீ வந்து சொல்லு.